ஈயம் பூசாத செம்பு

(கடலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய செம்புப் பாத்திரங்களைப் பற்றி, அவற்றுள்ளும் பழத்தையும் சர்க்கரையையும் சேர்த்து ஜாமும் ஜெல்லியும் காய்ச்சுவதற்கென்றே அடித்துச் செய்த அகன்ற சட்டிகளைப் பற்றிப் பேசவேண்டுமென்று என்னைப் பணித்த அன்பர்களுக்கு, கெடிலக் கரையில் நின்றுகொண்டு பிரெஞ்சுக்காரருடைய அடுக்களையைப் பற்றி இவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்ற சந்தேகம் உள்ளூர இருந்திருக்குமானால், அது நியாயமான சந்தேகந்தான். ஆயினும் பாகு காய்ச்சுவது எந்தத் தேசத்துக்கும் தனியுரிமையன்று. தீபாவளிக்கு முன்னாளில் இஞ்சி லேகியம் கிண்டிக்கொண்டே, மெழுகுப் பதம் தப்பிவிடுமோ என்று கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற பாட்டிக்கும், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் அது சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கிற பாரிஸ் மாதுக்கும் உள்ள கவலை ஒன்றே. இருவரும் உலோகத்தையும் நெருப்பையும் நம்பி நிற்கிறார்கள்.

நான் சொல்ல வந்ததும் அந்த உலோகத்தின் ஸ்வபாவத்தைப் பற்றியதே. ஒரே செம்பு, ஒரே சுத்தியின் கீழ், ஒன்றுக்கொன்று விரோதமான நியமங்களையுடைய இரண்டு பாத்திரங்களாகிறது: பருப்பும் புளியும் பாலும் காய்கிற செம்புக்குள் ஈயம் பூசியிருக்காவிட்டால் ஆபத்து, சர்க்கரைப் பாகு காய்கிற செம்புக்குள் ஈயம் பூசியிருந்தால் கெடுதல். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், பழம்பொருளென்று மோகித்து விலைகொடுத்து வாங்குகிறவர்கள் ஒன்றின் காரியத்தை மற்றொன்றில் செய்துவிடுகிறார்கள்.

முதலில் இந்தக் கரைக்குச் செம்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே மாமண்டூர்ப் பக்கம் செம்புத் தாது சிறிது உண்டென்று நிலவியலார் கண்டிருக்கிறார்கள். என்றாலும் வீடுதோறும் தவலையும் அண்டாவும் நிறைந்திருந்த ஒரு நாட்டுக்கு அது எம்மாத்திரம்? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிவைத்த பெரிப்ளுஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, முசிறித் துறைக்கு வந்திறங்கிய சரக்குகளில் செம்பையும் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சேர்த்தே சொல்கிறது. பிற்காலத்தில், 17, 18ஆம் நூற்றாண்டுகளில், டச்சுக் கம்பெனியார் ஜப்பானின் நாகசாகித் துறையிலிருந்து கட்டி கட்டியாகச் செம்பைக் கொணர்ந்து சோழமண்டலக் கரையில் விற்றார்கள். அவர்களுடைய பண்டகசாலை ஒரு காலத்தில் நம் தேவனாம்பட்டினத்திலும் இருந்தது. மலாய் நாட்டிலிருந்து ஈயம் வந்தது. ஆகவே ஜப்பானியச் செம்பும் மலாய் ஈயமும் சந்தித்து ஒரு தமிழ்க் குடும்பத்துப் பாத்திரமாவதற்கு நம் கரையை விடப் பொருத்தமான இடம் வேறொன்று தேடவேண்டியதில்லை. பாகுக்கு வேண்டிய பழமும் அப்படித்தான்: இன்று நம் பூர்விகச் சொத்துப்போல நாம் பேசுகிற கொய்யாவும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தவை. பலாவோ நம்முடையது.

சர்க்கரையோ இந்த வட்டாரத்தின் பெருமை. தாமஸ் பாரி என்னும் வேல்ஸ் தேசத்து வியாபாரி, 1788இல் சென்னைக்கு வந்து பொருளீட்டி, 1824இல் பரங்கிப்பேட்டையில் காலராக் கண்டு இறந்து, நம் கடலூர்க் கிறிஸ்து ஆலயத்திலே அடக்கமானார். அவர் பெயர் தாங்கிய கம்பெனியார் 1842இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்தார்கள். அதற்குமுன் சர்க்கரை இல்லையா என்றால், கரும்பும் வெல்லக் கொப்பரையும் இருந்தன; ஆனால் ஜெல்லிக்கு வேண்டியது நிறமும் தனி மணமும் இல்லாத வெள்ளைச் சர்க்கரை. வெல்லம் எந்தப் பழத்தோடு சேர்ந்தாலும் தன் மணத்தை முன்னே நிறுத்திக்கொள்ளும். நம் இனிப்புகளுக்கு அது பெருங்குணம். கொய்யாவின் மெல்லிய வாசனையைக் கண்ணாடி போன்ற பாகில் சிறைப்பிடிக்க நினைப்பவனுக்கு அது இடைஞ்சல். ஐரோப்பாவிலும் சர்க்கரை மருந்துக் கடையில் நிறுத்து விற்ற காலத்தில், பழப்பாகு வைத்தியர்களுடைய வித்தையாகத்தான் இருந்தது. எதிர்காலம் உரைத்ததாகப் பேர் பெற்ற நோஸ்ட்ரடாமஸ், 1555இல் அழகுச் சாதனங்களையும் பழப்பாகுகளையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய ஜோசியத்தை நம்பாதவர்களும் அந்த நூலை மதிப்பார்களென்று நினைக்கிறேன்.

இனி பாத்திரத்துக்கு வருவோம். ஜாம் சட்டியின் உருவத்தைக் கவனியுங்கள். அகன்ற வாய், அடி அதைவிடச் சற்றுக் குறுகல், சரிந்த பக்கங்கள், ஆழம் குறைவு, மூடி கிடையாது, இரண்டு பக்கமும் பிடி, அல்லது மேலே வளைந்த ஒரே பிடி. நம் தவலைக்கு நேர்மாறான வடிவம் இது. தவலை நீரைக் காப்பதற்காகக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டது. இந்தச் சட்டி நீரைப் போக்குவதற்காக வாயைத் திறந்துகொண்டது. நம் பாத்திரங்களில் இதற்கு உறவு தேடினால் உருளிதான் கிட்டும். உருவத்தில் உறவாயினும் உலோகத்தில் இரண்டும் வேறு. அந்த வேற்றுமையில்தான் விஷயம் இருக்கிறது.

செம்பு உஷ்ணத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தபடி நிற்பது. இரும்பை விட ஏறக்குறைய ஐந்து மடங்கும், எவர்சில்வரை விட இருபத்தைந்து மடங்குக்குக் குறையாமலும் அது சூட்டைக் கொண்டுசெல்லும். இதன் பலன் என்ன? எவர்சில்வர்ப் பாத்திரத்தில் அடுப்புச் சுவாலை எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடம் மட்டும் கொதித்து, அங்கே பாகு அடிப்பிடிக்கும். இரண்டு விரற்கடை தள்ளி அது சோம்பிக் கிடக்கும். செம்பிலோ சூடு ஒரு நொடியில் அடி முழுவதும் பரவி, பக்கங்களிலும் ஏறிவிடுகிறது. இதைவிட முக்கியமானது மற்றொன்று: அடுப்பைத் தணித்தால் செம்பும் உடனே தணியும். ஜெல்லிக்கு இது உயிர்நிலை. பழத்தில் பெக்டின் என்றொரு பொருள் உண்டு; அது புளிப்போடும் சர்க்கரையோடும் தக்க அளவில் கூடினால்தான் பாகு உறைந்து தளதளவென்று நிற்கும். கலவை நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு வரையில் திடப்பொருளாக இறுகி, சூடு 105 டிகிரியை எட்டும்போது அந்தக் கூட்டு கைகூடுகிறது. அதுவரை நீரை விரைவாகப் போக்கவேண்டும். நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சிதையும், நிறம் கறுக்கும், மணம் ஆவியோடு போய்விடும். எட்டியவுடன் நிறுத்தவும் வேண்டும். ஓரிரு டிகிரி தாண்டினால் ஜெல்லி இறுகித் தோலாகும். விரைந்து ஏறவும் சொன்ன இடத்தில் நிற்கவும் தெரிந்த உலோகம் செம்பு ஒன்றே.

நம் முன்னோர் லேகியத்துக்கும் பாயசத்துக்கும் வெண்கல உருளியைத் தேர்ந்ததும் அறியாமையினால் அன்று. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவை. ஓட்டு வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈயம் சேரும். ஈயத்தை மேலே பூசுவதற்குப் பதிலாக உள்ளேயே கரைத்துவிட்ட யுக்தி இது. பூச்சு தேய்ந்துபோகும் என்ற பயமில்லை. ஆனால் கலப்பு ஏறினால் கடத்தும் சக்தி குன்றிவிடும். உருளி மெதுவாகக் காயும், கனத்தினால் சூட்டைத் தேக்கிவைத்துக்கொள்ளும், இறக்கிவைத்த பிறகும் உள்ளிருப்பது கொதித்துக்கொண்டிருக்கும். நெய்யும் தேனும் மருந்துச் சூரணமும் கூடி நின்று நிதானமாக இறுகவேண்டிய லேகியத்துக்கு அந்த நிதானமே குணம். மலையாளத்தார் பலாச்சுளையை வெல்லத்தோடு மணிக்கணக்காகக் கிண்டி வரட்டியெடுப்பதும் உருளியில்தான். அந்த உருளியில் கொய்யா ஜெல்லி காய்ச்சினால், அது நின்ற இடத்தில் நிற்காது. பாகு காய்ச்சுவதில் நாம் மந்தகதியைக் கைக்கொண்டோம், மேல்நாட்டார் துரிதகதியைக் கைக்கொண்டார்கள். அதற்கேற்ற உலோகத்தை அவரவர் தேர்ந்துகொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, செம்புக்கு ஈயம் ஏன்? களிம்பு என்பதை அறியாதவர் நம்மில் யாருமில்லை. புளியும் மோரும் எலுமிச்சையும் செம்பைத் தொட்டால் பச்சை பூக்கும். அதை உண்டால் குமட்டலும் வாந்தியும் காணும். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரும், சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரும் வளர்த்த சைவ சித்தாந்தத்தில், உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பையே உவமை சொல்வார்கள்: வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று, செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதுவும் உண்டு என்பது கருத்து. இரசாயன சாஸ்திரி இதை ஒப்பமாட்டார். காற்றும் ஈரமும் அமிலமும் வந்து சேர்ந்தபிறகு உண்டாவதே களிம்பு என்று வாதிடுவார். ஆனால் எத்தனை முறை புளியிட்டுத் துலக்கினாலும் மறுநாள் பச்சை காட்டும் ஒரு குடத்தைத் தினந்தோறும் துலக்குகிறவர்களுக்கு, ஆசாரியர்களுடைய கட்சியே அனுபவத்துக்கு ஒத்ததாகத் தோன்றும்.

இந்தக் களிம்புக்கு வீட்டளவில் பரிகாரம் செய்தவர், பட்டயம் எதுவும் பெறாத ஒரு ரசவாதி. தெருமுனையில் சிறு குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி வைத்து, ‘ஈயம் பூசறது!’ என்று குரல் கொடுத்தபடி வருவாரே, அவரைத்தான் சொல்கிறேன். பெரிய அண்டாவானால் அதற்குள் காலை வைத்து நின்றுகொண்டு, மணலின்மேல் உடம்பை இப்படியும் அப்படியும் திருகித் தேய்த்து உட்புறத்தைச் சுத்தமாக்குவார். பின்பு அதைத் தணலில் காயவைத்து, நவச்சாரத் தூளைத் தூவ, குப்பென்று வெண்புகை கிளம்பும்; அந்தக் கணத்தில் ஈயக் குச்சியால் ஒரு கோடு இழுத்து, பஞ்சினால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். செம்பின் சிவப்பு மறைந்து வெள்ளிபோல் ஒரு படலம் ஓடிப் பரவும். பார்த்தவர்களுக்கு அது மறக்காது. நவச்சாரம் செம்பின்மேல் படிந்த துருவைக் கரைத்துவிடுவதால் ஈயம் உலோகத்தோடு உலோகமாக ஒட்டுகிறது. நல்லவர்கள் வெள்ளீயமே பூசினார்கள். விலைக்கு ஆசைப்பட்டுக் காரீயம் கலந்தவர்களும் உண்டு. காரீயம் விஷம். யோக்கியனான ஈயக்காரர் ஒருவர் ஒரு தெருவுக்கு ஒரு வைத்தியர் மாதிரி.

அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நீரில்லாமல் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ரசமும் பருப்பும் நீர் உள்ளவரை நூறு டிகிரியைத் தாண்டா; பூச்சுக்குப் பயமில்லை. சர்க்கரையோ நீர் வற்ற வற்ற ஏறிக்கொண்டே போகும். கவனம் தப்பி ஓரத்தில் தீய்ந்து கருகும்போது 170, 180 என்று எட்டும். அதற்குமேல் வெறும் அடி காய்ந்தால் ஈயத்துக்கு முடிவுதான். இறுகிய பாகைக் கரண்டியால் வழிக்கும்போதும் மெல்லிய பூச்சு சுரண்டுப்பட்டுப் பாகோடு போகும். ஆகவே மேல்நாட்டார் ஜாம் சட்டிக்கு உட்பூச்சே வேண்டாமென்று விட்டார்கள். அப்படியானால் பழத்தின் புளிப்பு செம்பைத் தின்னாதா? தின்னும். ஆதலால் அவர்கள் சம்பிரதாயத்தில் பழத்தைத் தனியாக அந்தச் சட்டியில் போடுவதில்லை. சர்க்கரையோடு கலந்த பிறகே போடுவார்கள். சர்க்கரை மிகுந்த பாகில் செம்பு கரைவது குறைவு; காய்ச்சும் நேரமும் அற்பம்; பதம் வந்ததும் ஒரு நிமிஷம்கூடச் சட்டியில் தங்கவிடாமல் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிவிடுவார்கள். இந்த மூன்று கட்டுப்பாடும் சேர்ந்ததுதான் அந்தப் பாத்திரம். கட்டுப்பாட்டை விட்டுச் சட்டியை மட்டும் வாங்கி வருவது பாதிப் பொருளை வாங்குவதாகும்.

இதிலும் எல்லாரும் ஒருமனப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் மாதிரி உணவு விதித்தொகுப்பு, புளிப்பை அளக்கும் பி.எச். எண் ஆறுக்குக் கீழ்ப்பட்ட எந்த உணவும் செம்பைத் தொடலாகாது என்கிறது. ஜாமின் எண்ணோ மூன்றையொட்டியது. பிரான்ஸில் தலைமுறை தலைமுறையாகச் செம்புச் சட்டியிலேயே காய்ச்சி உண்கிறார்கள். எப்போதோ ஒரு நாள் காய்ச்சும் பாகில் நோய்க்கு இடமில்லை என்று நான் கருதினாலும், குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்கர் பக்கமே நிற்பேன். காரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கைக்குழந்தைகளின் ஈரல் சுருங்கி உயிர் போகிற வியாதி ஒன்று இந்தியாவுக்கே உரியதாகப் பேசப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் புணேயில் அதை ஆராய்ந்த வைத்தியர்கள், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலை இளம் பருவத்திலேயே புகட்டியது காரணமாகலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பாத்திரங்கள் அடுக்களையை விட்டுப்போகப் போக அந்த வியாதியும் அருகிவிட்டது. பழமையைப் போற்றுகிற கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

நம் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிப் பழத்துக்கும் இதே போன்ற ஒரு எச்சரிக்கை உண்டு. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைக் காட்டிலேயே அழுகவிடுகிறோமே, அதில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. ஆனால் செம்பு சிறிதளவு கலந்தாலும் அந்த வைட்டமினைக் காற்றோடு சேர்த்து வெகு சீக்கிரம் அழித்துவிடும். நெல்லிக்காய்க்கும் இதுவே விதி. சத்துக்காகச் செய்கிற பாகை எவர்சில்வரிலேயே செய்யுங்கள். ருசிக்கும் அழகுக்கும் செய்கிற கொய்யா ஜெல்லியைச் செம்பில் செய்யுங்கள். பலாவில் சுளையை விட, தூக்கி எறிகிற சடையிலும் தோலிலும்தான் பெக்டின் அதிகம்; அதைக் கொதிக்கவைத்து வடித்து எலுமிச்சை சேர்த்தால் ஜெல்லி நிற்கும். பண்ருட்டியின் பலாக் காலத்தில் குப்பைமேட்டுக்குப் போகிற சடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

பழம்பொருள் தேடுவோர் கேட்கிற கேள்விகளுக்கும் இரண்டொரு வார்த்தை. எவர்சில்வர் வந்த பிறகு நம் வீட்டுச் செம்பும் பித்தளையும் கடையில் எடைக்குப் போய்விட்டன. போனவை உருக்கும் உலைக்குள் விழுந்தன. தப்பியவற்றை அடையாளம் காண நமக்கு ஐரோப்பியருக்கு இல்லாத ஒரு சௌகரியம் உண்டு: சீர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரையும் சில சமயம் ஊரையும் வருஷத்தையும் வெட்டிவைக்கும் வழக்கம். மேல்நாட்டுச் சட்டியில் அடியும் பக்கமும் சேருமிடத்தில் பற்கள் கோத்தாற்போன்ற ஒட்டு தெரிந்தால், பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுக் கைவேலை. ஒட்டே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது. கையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டராவது கனம் இல்லாத சட்டி சுவருக்கு அலங்காரமே தவிர அடுப்புக்கு ஆகாது. மினுமினுப்பு மங்காதிருக்க அரக்குப் பூச்சுப் பூசி விற்பதும் உண்டு. அடுப்பில் வைக்குமுன் அதை அடியோடு போக்கவேண்டும். உட்புறம் வெண்மையாகவோ, அங்கங்கே சிவப்புத் தெரியும் சாம்பல் நிறமாகவோ இருந்தால் அது ஈயம் பூசிய சமையல் பாத்திரம். ஈயக்காரர் கிடைத்தால் மறுபடி பூசிப் பருப்பு வேகவைக்கலாம், பாகுக்கு வேண்டாம்.

இப்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் எழுதிக் கேட்டபடி, கொய்யா ஜெல்லியின் முறையைச் சொல்லி முடிக்கிறேன். முக்கால் பழுத்த கொய்யாவை, முற்றப் பழுத்ததை அன்று, தோலோடு நறுக்கி, மூழ்கும் அளவு நீர்விட்டு எவர்சில்வர்ப் பாத்திரத்தில் வேகவையுங்கள். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு இரவு முழுவதும் தானாக வடியவிடுங்கள். பிழிந்தால் ஜெல்லி கலங்கும். மறுநாள் காலையில் செம்புச் சட்டியைப் புளியும் உப்பும் இட்டுத் துலக்கி, கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். இதை முதல்நாளே செய்துவைத்தால் பிரயோஜனமில்லை, காய்ச்சப் போகிற நேரத்தில் செய்யவேண்டும். ஒரு படி சாற்றுக்கு முக்கால் படி சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு. இவற்றை வேறு பாத்திரத்தில் கலந்து கரைத்தபின் செம்பில் ஊற்றி, சட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், தீயை முழுதும் தூண்டிக் கொதிக்கவிடுங்கள். நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். கரண்டியில் மொண்டு சாய்த்தால் முதலில் சொட்டுச் சொட்டாக விழும். பிறகு இரண்டு சொட்டு ஒன்றாகச் சேர்ந்து ஒரு தகடுபோலத் தொங்கி விழும். அப்போது இறக்கி, சூடான புட்டிகளில் உடனே ஊற்றிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பது ஆறுவதற்குள் வெந்நீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.